இன்றைய விளம்பரங்களும் அவற்றுக்குள் இருக்கும் யோசனைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் விளம்பரங்களுக்குத் தமிழில் எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவன் நான். கடை நடத்துகிறவர்களும், விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்கிற மாணவர்களும், தொலைக்காட்சியில் ஏதோ ஒரு விளம்பரத்தைப் பார்த்து எரிச்சலடைந்த உறவினர்களும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லிவரும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். இவை என் கருத்துகள். இத்தொழிலில் இருக்கும் மற்றவர்கள் இவற்றில் சிலவற்றை மறுப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

விளம்பரத்தில் "யோசனை" என்று எதைச் சொல்கிறீர்கள்? நல்ல படமும் நல்ல பாட்டும் இருந்தால் போதாதா?

போதாது. வாங்குகிறவரின் வாழ்க்கையில் ஏற்கெனவே இருக்கிற ஒரு பழக்கத்தையோ தயக்கத்தையோ ஒருவர் கூர்ந்து கவனிக்கிறார். கவனித்ததற்குத் தன் பொருளின் வழியாக ஒரு பதில் சொல்கிறார். அந்தப் பதிலைத்தான் நான் யோசனை என்கிறேன். படம், பாட்டு, வாசகம் எல்லாம் அதன் பிறகு வருபவை.

இதைப் புரியவைக்க நான் எப்போதும் கடலூர்க் கதையைத்தான் சொல்வேன். ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கும் முறைக்கு நம் நாட்டில் வழிகாட்டியவர் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். அவருடைய மகன் சி.கே.ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயை முதலாகப் போட்டுத் தனியாகத் தொழில் தொடங்கி, 'சிக்' ஷாம்புவைக் கொண்டுவந்தார். அந்த நிறுவனமே பின்னாளில் கவின்கேர் ஆனது. சீயக்காயும் அரப்பும் சோப்பும் போட்டுத் தலை குளித்துக்கொண்டிருந்த கிராமங்களில், ஷாம்பு என்பதை எப்படிப் பயன்படுத்துவது என்பதே பலருக்குத் தெரியாது. ஆகவே சிக் நிறுவனத்தார் ஊருக்குள் சென்று, ஒரு சிறுவனை நடுவில் உட்கார வைத்து, எல்லோரும் பார்க்க அவன் தலைக்கு ஷாம்பு போட்டு அலசிவிட்டு, கூடியிருந்தவர்களை அவன் முடியைத் தொட்டுப் பார்க்கவும் முகர்ந்து பார்க்கவும் சொன்னார்கள். ரஜினிகாந்த் படங்களைத் திரையிட்டு, இடையிடையே தங்கள் விளம்பரத்தைக் காட்டினார்கள்.

அதைவிட எனக்குப் பிடித்தது காலி உறைத் திட்டம். எந்த நிறுவனத்தின் ஷாம்புவாக இருந்தாலும் சரி, ஐந்து காலி உறைகளைக் கொண்டுவந்து கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று அறிவித்தார்கள். குளியலறை மாடத்தில் கிடக்கும், நுனி கிழிந்த, ஈரம் காயாத அந்த வெறும் உறைக்கு அதுவரை யாரும் ஒரு மதிப்புத் தந்ததில்லை. போட்டியாளரின் வாடிக்கையாளர் யார், அவர் எவ்வளவு வாங்குகிறார், எந்தக் கடையில் வாங்குகிறார் என்பதெல்லாம் அந்த உறைகளோடு சேர்ந்து வந்தன. போனது ஒரு பாக்கெட் ஷாம்பு. சிறிது காலம் கழித்து, இனி சிக் உறைகளை மட்டுமே வாங்கிக்கொள்வோம் என்று திட்டத்தை மாற்றினார்கள். அதற்குள் கை பழகிவிட்டது. பின்னர் 50 காசு பாக்கெட் வந்தபோது, தினக்கூலிக்குப் போகிற பெண்ணும் கணக்குப் பார்க்காமல் வாங்கக்கூடிய பொருளாக அது ஆகிவிட்டது. இதில் சாமர்த்தியமான வாசகம் என்று ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

விளம்பரம் நன்றாக நினைவிருக்கிறது, எந்தப் பொருளுக்கானது என்பது மறந்துவிடுகிறது. குற்றம் பார்ப்பவரிடமா?

பார்ப்பவரிடம் குற்றமே இல்லை. கதையிலிருந்து பொருளை உருவி எடுத்துவிட்டாலும் கதை அப்படியே நிற்கிறது என்றால், அந்தப் பொருள் மறந்துதான் போகும். நான் செய்யும் சோதனை மிக எளியது: கடைசி மூன்று விநாடிகளில் வரும் பெயரைக் கையால் மறைத்துவிட்டு, அதே இடத்தில் போட்டி நிறுவனத்தின் பெயரை மனத்துக்குள் வைத்துப் பார்ப்பேன். பொருந்திவிட்டால் அந்த விளம்பரத்தில் யோசனை இல்லை.

ஃபெவிகால் விளம்பரங்கள் இந்தச் சோதனையில் தோற்றதே இல்லை. பாலைவனச் சாலையில் கூரையிலும் பக்கவாட்டிலும் ஆட்கள் தொங்கிக்கொண்டு ஒரு பேருந்து குலுங்கிக் குலுங்கிப் போகிறது, ஒருவரும் விழவில்லை, வண்டி நம்மைக் கடந்து போகும்போதுதான் அதன் பின்புறத்தில் ஃபெவிகால் பலகை தெரிகிறது. அங்கே வேறு எந்தப் பொருளின் பெயரையும் எழுத முடியாது. அந்த விளம்பரங்களுக்குப் பின்னால் இருந்த பியூஷ் பாண்டே 2025 அக்டோபரில் காலமானார். ஆங்கிலத்தில் யோசித்து இந்தியில் பெயர்க்கும் வழக்கம் வேரூன்றியிருந்த ஒரு தொழிலில், கடைத்தெருப் பேச்சையும் ஊர்ப்புற வாழ்க்கையையும் நேரடியாகத் திரைக்குக் கொண்டுவந்தவர் என்பதற்காக நான் அவரை மிகவும் மதிக்கிறேன்.

இதற்கு எதிர்ப்பக்கம் நிற்பது 2024 நவம்பரில் ஜாகுவார் கார் நிறுவனம் வெளியிட்ட புதிய அடையாளப் படம். அடர்ந்த வண்ண உடைகளில் மனிதர்கள் நடந்து வருகிறார்கள்; ஒரு கார்கூட இல்லை. உலகம் முழுவதும் அதைப் பற்றிப் பேசினார்கள், உண்மைதான். ஆனால் அந்தப் படத்தின் முடிவில் ஒரு வாசனைத் திரவியத்தின் பெயரையோ ஒரு துணிக்கடையின் பெயரையோ வைத்திருந்தாலும் யாருக்கும் வேறுபாடு தெரிந்திருக்காது. பேசப்படுவதும் பொருளோடு ஒட்டிக்கொள்வதும் வெவ்வேறு காரியங்கள்.

நட்சத்திரங்களைப் போட்டால்தான் தமிழ்நாட்டில் எடுபடும் என்கிறார்களே?

நட்சத்திரம் வந்தால் பார்வை திரும்பும். திரும்பிய பார்வைக்கு எதைக் காட்டப்போகிறீர்கள் என்பதுதான் கேள்வி. 2021-ல், கடன் அட்டைக் கட்டணம் செலுத்தும் செயலியான கிரெட்டின் நிறுவனம் ராகுல் திராவிடை வைத்து எடுத்த படத்தில், பொறுமைக்குப் பெயர்போன அவர் பெங்களூர்ப் போக்குவரத்து நெரிசலில் சிக்கிக் கார்க் கண்ணாடியை உடைக்கும் அளவுக்குக் கோபப்படுகிறார். அவரைப் பற்றி நாம் பல ஆண்டுகளாக மனத்தில் வைத்திருந்த எண்ணம்தான் அங்கே மூலப்பொருள். வேறொரு ஆட்டக்காரரை அந்த இடத்தில் வைத்தால் படமே இல்லை. அதே வேளையில், கிரெட் என்ன சேவை தருகிறது என்பதை அந்தப் படத்திலிருந்து எத்தனை பேர் தெரிந்துகொண்டார்கள் என்ற ஐயம் எனக்கு இன்றும் உண்டு.

நட்சத்திரமே இல்லாமல் தமிழ்நாடு முழுவதும் அறியப்பட்ட முகம் ஒன்று உண்டு. லலிதா ஜுவல்லரியின் உரிமையாளர் மொட்டைத் தலையோடு, வெள்ளை உடையில், தானே திரையில் வந்து நின்று, எங்கள் விலையை வாங்கிக்கொண்டு போய் மற்ற கடைகளில் ஒப்பிட்டுப் பாருங்கள் என்று சொன்னார். நகை வாங்கப் போகும் குடும்பத்தின் மனத்தில் இருக்கும் முதல் பயம் செய்கூலி, சேதாரத்தில் ஏமாந்துவிடுவோமோ என்பதுதான். அந்தப் பயத்துக்கு நேராக அவர் பேசினார். பேசிய தமிழில் இருந்த பிறமொழிச் சாயல்கூட அவருக்கு நன்மையாகவே முடிந்தது. எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்காமல் சொந்தமாகப் பேசுகிறார் என்ற எண்ணத்தை அது உண்டாக்கியது.

தமிழில் வரும் பல விளம்பரங்கள் ஏன் மொழிபெயர்ப்பு போலவே ஒலிக்கின்றன?

மொழிபெயர்ப்பாக இருப்பதால்தான். இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் தொழில் வாழ்க்கையின் பெரும்பகுதி இதற்குள்தான் கழிந்திருக்கிறது.

மும்பையிலோ குருகிராமிலோ ஒரு படம் இந்தியில் எழுதப்பட்டு, எடுக்கப்பட்டு, ஒப்புதல் வாங்கி, முடிந்த பிறகுதான் தமிழுக்கு வருகிறது. முப்பது விநாடிப் படம். நடிகையின் உதடு ஏற்கெனவே அசைந்து முடிந்துவிட்டது. எங்களுக்குக் கிடைப்பது அந்த உதட்டசைவுக்குள் பொருந்தும் சொற்களைத் தேடும் வேலை மட்டுமே. சில ஆண்டுகளுக்கு முன் வடபழனியில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில், தாய் மகளிடம் பேசும் ஒரு வரிக்காக நாங்கள் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். இந்தியில் அது "அப் தோ மான் ஜாவோ" என்று ஒரே மூச்சில் முடியும் வரி. எங்களுக்கு எழுதி அனுப்பப்பட்டிருந்த தமிழ் "இப்பொழுதாவது ஒப்புக்கொள்" என்பது. குரல் கொடுக்க வந்திருந்த அம்மா, நெடுங்காலமாகத் தொடர்களுக்குக் குரல் கொடுப்பவர், இரண்டு முறை அதைச் சொல்லிப் பார்த்துவிட்டு ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்து, "எந்த அம்மா தம்பி பொண்ணுகிட்ட இப்படிப் பேசுவா?" என்று கேட்டார். பிறகு தானாகவே, "இப்பவாச்சும் சொல்றதக் கேளேன்" என்று சொல்லிப் பார்த்தார். உதட்டிலும் உட்கார்ந்தது, மனத்திலும் உட்கார்ந்தது. ஆனால் தொலைபேசியின் மறுமுனையில் இருந்த அதிகாரி அதை வார்த்தைக்கு வார்த்தை இந்தியில் திருப்பிச் சொல்லச் சொன்னார். மூல வரியில் "கேள்" என்ற சொல்லே இல்லையே என்றார். கடைசியில் "ஒப்புக்கொள்" என்பதே ஒலிபரப்பானது. ஒரு தாயின் குரல் ஒரு வழக்கறிஞரின் குரலாக மாறிப்போனதை அந்த அறையில் இருந்த எல்லோரும் கேட்டோம். அந்த விளம்பரம் ஓடிய நாட்களில் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்து வைத்தேன்.

மொழியைத் தாண்டி வாழ்க்கையும் பெயர்க்கப்படுகிறது என்பது இன்னும் பெரிய குறை. ராக்கி கட்டும் தங்கையும், நிலாவைச் சல்லடையில் பார்த்து விரதம் முடிக்கும் மனைவியும் தமிழ்க் குரலில் பேசுகிறார்கள். தாய்மாமன் சீர், வளைகாப்பு, மொய் எழுதும் மேசை, ஊர்த் திருவிழாவுக்கு வீட்டுக்கு வரும் மருமகன் என்று நம்மிடம் உறவுகள் கூடும் தருணங்கள் எவ்வளவோ இருக்கின்றன. தேசிய நிறுவனங்களின் விளம்பரங்களில் அவற்றை எவ்வளவு அரிதாகப் பார்க்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

நம் மண்ணில் பிறந்த யோசனைகள் எப்படி வேர்பிடித்தன என்பதற்கு உட்வர்ட்ஸ் கிரைப் வாட்டர் விளம்பரம் ஒன்றே போதும். குழந்தை அழுகிறது, என்ன செய்வது என்று இளம்தாய்க்குத் தெரியவில்லை, நீ குழந்தையாக இருந்தபோது உனக்கு இதைத்தான் கொடுத்தேன் என்று ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்குச் சொல்கிறது. முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் பெண், தன் அம்மாவின் சொல்லுக்கு எவ்வளவு மதிப்புத் தருவாள் என்பதைத் தெரிந்தவர்கள் எழுதிய விளம்பரம் அது. மருந்தின் பயன் பற்றி மருத்துவர்கள் இன்று சொல்வது தனிச் செய்தி. விளம்பரத்தின் நுட்பம் பற்றியே நான் இங்கே பேசுகிறேன்.

ஆடித் தள்ளுபடியையும் அந்த வரிசையில் வைப்பேன். ஆடியில் திருமணம் இல்லை, புது முயற்சி இல்லை, ஆகவே ஜவுளிக் கடையில் கூட்டமும் இல்லை. யாரும் வராத அந்த மாதத்தையே காத்திருந்து வாங்கும் மாதமாக நம் வணிகர்கள் மாற்றிவிட்டார்கள். ஆவணி முகூர்த்தங்களுக்குத் துணி எடுப்பவர்களுக்கும் அது வசதியாகிவிட்டது. அட்சய திருதியைக்குத் தங்கம் வாங்க வேண்டும் என்ற பரபரப்பும் வணிகர்கள் வளர்த்ததுதான், ஆனால் அதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆடித் தள்ளுபடி வாங்குகிறவரின் செலவைக் குறைத்தது. அட்சய திருதியை விளம்பரங்களோ, அன்று குன்றிமணித் தங்கமாவது வாங்காவிட்டால் வீட்டுக்கு ஆகாது என்ற அச்சத்தை இல்லாதவர்கள் மனத்திலும் விதைத்தன.

அரசு விளம்பரங்களில் உங்களைக் கவர்ந்தது உண்டா?

உண்டு. தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தின் பெயரை நான் மாணவர்களிடம் அடிக்கடி எடுத்துச் சொல்வேன். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதலே இங்கே தடை இருந்தது. தடை என்ற சொல்லை விட்டுவிட்டு, மஞ்சப்பை என்ற சொல்லை எடுத்தார்கள். அந்தச் சொல்லுக்குள் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள்: கல்யாண வீட்டில் தேங்காயும் வெற்றிலை பாக்கும் போட்டுக் கொடுக்கும் தாம்பூலப் பை, மணமக்களின் பெயர் அச்சிட்டு, அடுத்த மூன்று வருடங்களுக்கு ரேஷன் கடைக்குப் போய்வந்து சாயம் வெளுத்த பை, கூடவே, பட்டணத்துக்குப் புதிதாக வந்த கிராமத்துக்காரரைக் கேலி செய்ய "மஞ்சப்பையோடு வந்தவன்" என்று சொன்ன வழக்கு. அந்தக் கேலியையே பெருமையாகத் திருப்பிப் போட்டது "மீண்டும்" என்ற ஒற்றைச் சொல். கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் போட்டால் துணிப்பை தரும் இயந்திரத்தையும் வைத்தார்கள்.

பெயர் வென்ற அளவுக்குப் பழக்கம் மாறவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மாலை நேரத்தில் காய்கறி வண்டியின் முன் நிற்கும்போது கையில் பை இல்லாதவர்களே இன்னும் அதிகம். இயந்திரங்கள் எல்லாத் தெருமுனைகளிலும் இருக்க முடியாது. ஒரு நல்ல பெயர் மனத்தைத் திருப்பிய அந்த நொடியில், கைக்கு எட்டும் தூரத்தில் பையும் இருக்க வேண்டியிருக்கிறது.

எங்களுடையது சிறிய கடை. கோடிக்கணக்கில் செலவு செய்ய முடியாது. எங்களுக்கு என்ன வழி?

பெரிய நிறுவனங்களே சிறிய செலவில் செய்த இரண்டு காரியங்களைச் சொல்கிறேன். 2013-ல் அலகாபாத்தில் நடந்த மகா கும்பமேளாவில், லைஃப்பாய் சோப்பால் கை கழுவினீர்களா என்ற கேள்வியைச் சூடான ரொட்டியின் மீது அச்சாகப் பதித்துச் சுமார் 25 லட்சம் ரொட்டிகளைச் சாப்பாட்டுக் கடைகளில் பரிமாறினார்கள். சாப்பிடக் கை நீளும் நொடியில், கைக்குள்ளேயே அந்தக் கேள்வி இருந்தது. அதே காலத்தில் மின்சாரமும் தொலைக்காட்சியும் போதிய அளவு எட்டாத பீகார்க் கிராமங்களுக்காக இந்துஸ்தான் யூனிலீவர் ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்தது. மிஸ்டு கால் கொடுத்தால் போதும். திரும்ப அழைப்பு வரும். பாட்டும் நகைச்சுவையும் இலவசமாகக் கேட்கலாம். நடுவில் விளம்பரங்கள் வரும். காசு செலவாகாமல் செய்தி சொல்ல மிஸ்டு கால் கொடுக்கும் நம் மக்களின் சிக்கனப் பழக்கத்தின் மேல் கட்டிய வானொலி அது.

உங்கள் கடைக்கும் இப்படி ஒரு நொடி இருக்கும். பலகாரக் கடை என்றால், வெளியூர் போகும் பேருந்துக்கு முன் பத்து நிமிட அவகாசத்தில் வருகிறவர் யார் என்று பாருங்கள், எடை போட்டுக் கட்டித் தயாராக வைத்த கால் கிலோ பொட்டலமும், அதன் மேல் "பஸ் கிளம்புதா? எடுங்க, கிளம்புங்க" என்ற ஒரு வரியும் போதும். தையல் கடை என்றால், சட்டை கொடுக்கும்போது ஒரு மாற்றுப் பொத்தானை உள்பக்கம் தைத்துக் கொடுங்கள். ஆறு மாதம் கழித்துப் பொத்தான் அறுந்து விழும் நாளில் உங்கள் நினைவு வரும். முகநூலில் பணம் கட்டிப் பதிவை ஓடவிடுவது பிறகு இருக்கட்டும். முதலில் உங்கள் கடையின் படமும் திறக்கும் நேரமும் கூகுள் வரைபடத்தில் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு விளம்பர எழுத்தாளருக்கும் கலைஞருக்கும் வேலை இருக்குமா?

கருவி ஒன்றுதான், அதை வைத்து ஒரே துறையில் இரண்டு நேர்மாறான காரியங்கள் நடந்திருக்கின்றன. 2021 தீபாவளிக்குக் கேட்பரி நிறுவனம், ஷாருக்கானின் முகத்தையும் குரலையும் அவருடைய அனுமதியோடு பயன்படுத்தி, எந்தச் சிறு கடைக்காரரும் தன் கடைப் பெயரைக் கொடுத்து, ஷாருக்கான் அந்தப் பெயரைச் சொல்லி அழைப்பதுபோன்ற விளம்பரத்தை உருவாக்கிக்கொள்ள வழிசெய்தது. கொரோனாவால் வியாபாரம் படுத்துப்போயிருந்த மளிகைக் கடைக்காரருக்கும் செருப்புக் கடைக்காரருக்கும் ஒரு பெரும் நட்சத்திரத்தின் சிபாரிசு கிடைத்தது. மனிதக் கைகளால் அத்தனை கடைகளுக்கும் தனித்தனியே படம் எடுத்திருக்கவே முடியாது.

2024-ல் கோகோ கோலா தன் பழைய கிறிஸ்துமஸ் லாரி விளம்பரத்தைச் செயற்கை நுண்ணறிவால் மறுபடி உருவாக்கி வெளியிட்டபோது, உயிரற்ற படம் என்று பலரும் கண்டித்தார்கள். மனிதர்கள் நன்றாகவே செய்திருந்த ஒன்றை, செலவும் நேரமும் குறையும் என்பதற்காக இயந்திரத்திடம் கொடுத்தார்கள். பார்ப்பவர்களுக்குப் புதிதாக எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே என்னிடம் இந்தக் கருவியோடு வருகிற இளைஞர்களிடம் நான் கேட்பது ஒன்றே: இதனால் கடைக்காரருக்கோ வாடிக்கையாளருக்கோ முன்பு கிடைக்காத எது கிடைக்கிறது?

அதிர்ச்சி தந்து கவனத்தை ஈர்ப்பதில் தவறு உண்டா?

எதை வைத்து அதிர்ச்சி தருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 2024 பிப்ரவரியில் நடிகை பூனம் பாண்டே கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறந்துவிட்டார் என்று அவருடைய சமூக வலைப்பக்கத்திலேயே அறிவிப்பு வந்தது. மறுநாள், தாம் உயிரோடு இருப்பதாகவும் நோய் பற்றிய விழிப்புணர்வுக்காகவே இதைச் செய்ததாகவும் அவரே சொன்னார். அந்த நோயின் பெயர் அந்த ஒரு நாளில் எல்லா வீடுகளிலும் பேசப்பட்டது என்று சிலர் வாதாடினார்கள். அந்த நோயால் அம்மாவை இழந்த வீட்டிலும் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்திருக்கும் என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை. சாவை ஒரு முறை பொய்யாகச் சொன்னவர்கள் அடுத்த முறை தடுப்பூசியைப் பற்றி உண்மையைச் சொன்னாலும் நம்பத் தயங்குவார்கள். மக்கள் நலப் பிரசாரத்துக்கு நம்பிக்கை ஒன்றுதான் கைமுதல்.

அதே ஆண்டு மே மாதம் ஆப்பிள் நிறுவனம், இசைக் கருவிகளையும் வண்ணக் குழம்புகளையும் ஒரு பெரிய அழுத்தும் இயந்திரம் நசுக்கி, அவை எல்லாம் ஒரு மெல்லிய ஐபேடாக வெளிவருவதாகப் படம் எடுத்தது. எதிர்ப்பு வந்ததும் வருத்தம் தெரிவித்தது. ஆயுத பூஜையன்று வீணைக்கும் தூரிகைக்கும் பொட்டு வைக்கும் வீட்டில் வளர்ந்த ஒருவர் அந்த அறையில் இருந்திருந்தால், படம் எடுக்கும் முன்பே அதைத் தடுத்திருப்பார்.

ஊரே பேசும் செய்தியை வைத்து உடனுக்குடன் விளம்பரம் செய்வது பயன் தருமா?

அமுல் 1966 முதல் அதைச் செய்துவருகிறது. புள்ளிப் பாவாடைச் சிறுமி, ஒரு சிலேடை, கையில் வெண்ணெய் தடவிய ரொட்டி: இந்த மூன்றும் மாறாமல் இருப்பதால்தான் செய்தி தினம் மாறினாலும் அமுல் அமுலாகவே இருக்கிறது. இப்போது ஒரு படத்தின் வசனமோ கிரிக்கெட் முடிவோ பரவத் தொடங்கிய ஒரு மணி நேரத்தில், வங்கி முதல் பிரியாணிக் கடை வரை எல்லோரும் ஒரே மீம் பதிவைப் போடுகிறார்கள். யாருடையது எது என்று யாருக்கும் தெரிவதில்லை.

விளம்பரம் பொய் சொன்னால் யாரிடம் போவது? நடித்தவர்களுக்குப் பொறுப்பு இல்லையா?

பொறுப்பு உண்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு நிறுவனத்தின் மீதும் அதில் தோன்றிப் பரிந்துரைத்தவர் மீதும் 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. பரிந்துரைத்தவரை ஓராண்டு வரையிலும், மறுபடியும் தவறினால் மூன்றாண்டு வரையிலும் வேறு பொருள்களைப் பரிந்துரைக்கக் கூடாது என்று தடுக்கவும் முடியும். குடிமைப் பணித் தேர்வில் வென்றவர்களின் படங்களை வரிசையாகப் போட்டு, அவர்களில் பலர் தங்களிடம் நேர்முகத் தேர்வுக்கான வழிகாட்டலை மட்டுமே பெற்றார்கள் என்பதை மறைத்த பயிற்சி மையங்கள் பலவற்றுக்கு இந்த ஆணையம் அபராதம் விதித்திருக்கிறது. நம் ஊர்ப் பேருந்து நிலையங்களில் ஒட்டியிருக்கும் பயிற்சி மையச் சுவரொட்டிகளைப் பார்க்கும் பெற்றோர் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நோயைக் குணப்படுத்துவதாகச் சொல்லும் விளம்பரங்களுக்கு 1954 முதலே தனிச் சட்டம் இருக்கிறது. பதஞ்சலி வழக்கில் 2024 ஏப்ரலில், அந்த நிறுவனம் நாளிதழ்களில் வெளியிட்ட மன்னிப்பு அதன் விளம்பரங்களின் அளவுக்குப் பெரிதாக இருந்ததா என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. எனக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்திருந்தது: பொய்யை முழுப் பக்கத்தில் அச்சிட்டுவிட்டுத் திருத்தத்தைப் பெட்டிச் செய்தியாகப் போடுவது எவ்வளவு பெரிய அநீதி என்பதை அது எல்லோருக்கும் விளங்க வைத்தது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரங்களையும் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் தடை செய்தது. இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையில் இருந்த, அத்தகைய விளையாட்டு நடத்திய ட்ரீம்11 நிறுவனத்தின் பெயரே அதனால் நீங்கியது. ரம்மி விளம்பரங்களில் சிரித்த முகங்களையும், ரம்மியில் பணம் இழந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் பற்றிய செய்திகளையும் ஒரே நாளிதழில் பார்த்த நமக்கு, அந்தச் சட்டம் தாமதமாகத்தான் வந்தது.

புகார் செய்ய 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். 1985-ல் தொடங்கப்பட்ட, விளம்பரத் துறையினரே நடத்தும் இந்திய விளம்பரத் தர மன்றத்துக்கும் எழுதலாம். யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் காசு வாங்கிக்கொண்டு பேசுகிறவர்கள் அது விளம்பரம் என்பதைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்று 2021-லேயே அந்த மன்றம் விதித்திருக்கிறது.

சாலையோரப் பெரிய பலகைகள் இன்னும் தேவையா?

அளவோடும் உரிமத்தோடும் இருந்தால் தேவைதான். 2024 மே மாதம் மும்பை காட்கோபரில் சரிந்து விழுந்த பலகை 120 அடி உயரமும் 120 அடி அகலமும் கொண்டது. 17 பேர் இறந்தார்கள். 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில், சாலை நடுவே வைத்திருந்த பேனர் மேலே விழுந்ததால் ஸ்கூட்டரில் போன ஓர் இளம்பெண் கீழே விழுந்து லாரியில் சிக்கி உயிரிழந்தார். அதற்குப் பிறகு, சாலையை மறைத்துப் பேனர் வைக்கச் சொல்லும் எந்த வேலையையும் நான் எடுப்பதில்லை.

விளம்பர எழுத்துக்கு வர விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

விருது பெற்ற விளம்பரங்களின் தொகுப்பைப் பார்ப்பதைக் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள். தி.நகர் உஸ்மான் சாலையில் ஒரு பட்டுக் கடைக்குள் ஒரு மாலைப் பொழுது முழுக்க நில்லுங்கள். அம்மாவும் பெண்ணும் ஒரு மணி நேரம் புரட்டிப் பார்த்து ஒரு சேலையைத் தேர்ந்தெடுத்த பிறகும், நேராகப் பில் போடப் போகமாட்டார்கள். விளக்கு வெளிச்சத்தை நம்பாமல், கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, சேலையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து இயற்கை வெளிச்சத்தில் நிறத்தைப் பார்ப்பார்கள். முந்தானையை ஒருத்தி பிடிப்பாள், மற்றவள் இரண்டடி பின்னால் போய் நிற்பாள். அந்த வாசற்படியில் அவர்கள் பேசிக்கொள்வதை, அவர்கள் சொன்ன சொற்களிலேயே, அன்று இரவே ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள்.